டோக்கன் நம்பர் அறுநூற்று இரண்டு

வைகுண்டராஜ் அண்ணாச்சியின் பிரிவு உபசார விழாவில் பால்பாண்டியும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று லீக்கில் எடுபிடி வேலை பார்க்கும் பொன்னுராஜ் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து சண்முகத்தாய்க்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பேசப் போவது புருஷன், பயம் இவளுக்கு.

அண்ணாச்சி ராஜபாளையம் மில்களின் கூடைப்பந்து லீக்குக்குப் பதினைந்து வருஷம் செயலாளராக இருந்தவர். இதில் வேடிக்கை என்னவென்றால், பிறந்ததிலிருந்து ஒரு பந்தைக்கூட வளையத்துக்குள் போட்டவர் இல்லை. குட்டையான ஆள். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து ஒரு மில்லின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார்கள் என்று எழுதுகிற வேலை. எண்பத்தொன்றில் லீக் ஆரம்பித்தபோது, அவர் கைக்கடிகாரம் பிசகாது என்று ஆட்டத்துக்கு நேரம் பார்க்கக் கூப்பிட்டார்கள். நேரம் பார்க்க வந்தவர் அடுத்த வருஷமே செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் யாராலும் அவரை எழுப்ப முடியவில்லை.

கெடுபிடி என்றால் அப்படி ஒரு கெடுபிடி. நகம் வெட்டாதவனை வெளியே அனுப்புவார். தலைமை தாங்க வரும் மில் முதலாளி ஐந்து நிமிஷம் தாமதம் என்றால் அவர் இல்லாமலே பந்தைத் தூக்கிப் போடச் சொல்லிவிடுவார். மைக்கில் ஆட்டக்காரன் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவனுடைய மில் டோக்கன் நம்பரைச் சொல்ல வேண்டும் என்பதும் அவர் கொண்டுவந்த வழக்கம்தான். ஆடுகிறவன் நம்மோடு கேட்டில் நுழைகிறவன் என்று கூட்டத்தில் இருக்கும் தொழிலாளிக்குத் தெரிய வேண்டுமாம். ஆரம்பத்தில் சிரித்தவர்கள்கூடப் பிறகு நம்பரைக் கேட்டுத்தான் கை தட்டினார்கள்.

அந்த டோக்கன் லேசில் கிடைக்கிற சமாசாரம் இல்லை. நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் நம்பர். மற்றவர்கள் பதிலிகள். தினமும் காலையில் கேட்டில் நிற்க வேண்டியது, உள்ளே யாராவது வராவிட்டால் அந்த இடத்துக்குக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. நன்றாகப் பந்து போடுகிற பையன்களையெல்லாம் மில்கள் பதிலியாகவே வைத்து ஆடவிட்டன. எண்பத்து நாலில் தவசிமுத்து என்று ஒருவனுக்கு ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. மறுநாளே அவன் மில் அவனை யாரென்றே தெரியாது என்றது. அன்றைக்கு அண்ணாச்சி எழுதினார் பதினாலாம் விதியை. டோக்கன் நம்பர் இல்லாதவன் களத்தில் இறங்கக் கூடாது. முதலாளிமார் முணுமுணுத்தார்கள். ஆனாலும் கோப்பை ஆசை யாரை விட்டது? ஒவ்வொருவனாக நிரந்தரம் ஆனான்.

தொண்ணூறாம் வருஷம் மே மாதம் நடந்த இறுதி ஆட்டத்தைச் சண்முகத்தாய் பார்த்ததில்லை. அப்போது அவள் தளவாய்புரத்தில் அப்பா வீட்டில் இருந்தாள். ஆனால் புருஷன் சொல்லிச் சொல்லி, அன்றைக்கு வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்தொன்பது. பால்பாண்டியின் மில் ஒரு பாயிண்ட் பின்னால். நாற்பது செகண்டு பாக்கி. அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியலாம், விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். மெட்ராஸிலிருந்து ரயில்வே டீமுக்கு ஆள் பார்க்க வந்தவர் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பிடித்துப்போனால் ரயில்வேயில் வேலை. மைக்கில் சத்தம்: டோக்கன் நம்பர் நானூற்றுப் பதினேழு, பால்பாண்டி.

அந்த நேரம் பார்த்துப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். பெத்தம்மாள் என்று பெயர். யாரோடும் சண்டைக்கு வரவில்லை. செயலாளர் மேஜை முன்னால் வந்து நின்று, சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டாள்.

“அய்யா, நானூத்திப் பதினேழு எங்க வீட்டுக்காரவிய நம்பரு. அவிய செத்து மூணு மாசம் ஆச்சு. அவிய நம்பரை ஏன் மைக்குல கூப்பிடுதீய?”

செத்துப்போனவரின் நம்பரைப் பேரேட்டிலிருந்து எடுக்காமல் வைத்திருந்து, அதைப் பதிலியாக இருந்த பால்பாண்டிக்கு மாட்டி அனுப்பியிருந்தது மில். தன் நம்பர் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சும்மா காகிதத்துக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். இன்னாருடையது என்று அவனுக்குத் தெரியாது. அண்ணாச்சி களத்துக்குள் நடந்து வந்தார். நாற்பது செகண்டு பொறுங்கள், முடித்துவிட்டு விசாரிக்கலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். அவர் காதில் வாங்கவில்லை. பால்பாண்டியின் கையிலிருந்த பந்தை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆட்டம் ரத்து என்றார். மூவாயிரம் பேர் கத்தினார்கள், செருப்பு பறந்தது. மெட்ராஸ்காரர் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போனார். அப்புறம் ராஜபாளையம் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பையன் மேல் குற்றம் இல்லை என்று அண்ணாச்சி மில்லுக்குக் கடிதம் எழுதினார். ஒரு வாரத்தில் அவனை நிரந்தரம் ஆக்காவிட்டால், செத்தவர் நம்பர் சங்கதி எங்கே போக வேண்டுமோ அங்கே போகும் என்றும் எழுதினார். ஆறாவது நாள் பால்பாண்டிக்கு அறுநூற்று இரண்டாம் நம்பர் டோக்கன் வந்தது. ஏழாவது நாள் மில் தன் கூடைப்பந்து டீமையே கலைத்துவிட்டது. அதைப் பார்த்து மற்ற மில்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. பதினோரு டீம் ஆடிய லீக், நாலு டீமில் வந்து நின்றது. டோக்கனோடு பால்பாண்டி ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அண்ணாச்சியோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

அடுத்த வருஷம் சண்முகத்தாயைப் பெண் கேட்டு வந்தார்கள். அவள் அப்பா இருக்கிறாரே, அவரும் மில்லில் உழைத்து ஓய்ந்தவர். ஜாதகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மாப்பிள்ளையின் டோக்கன் நம்பரைச் சொல்லுங்கள் என்றார். சொன்னார்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய், மில் வாட்ச்மேனிடம் விசாரித்து, அறுநூற்று இரண்டு உண்மைதான் என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் வெற்றிலை பாக்கு மாற்றினார். வாழ வந்த நாளிலிருந்து சண்முகத்தாய்க்கு அந்த நம்பர் மேல் தனிப் பிரியம். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் டோக்கனைத் துடைத்து வைப்பாள்.

நல்ல புருஷன்தான். அவள் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கப் போய் வரும் நாட்களில் உலை வைத்துவிடுவான். மகளைத் தோளை விட்டு இறக்க மாட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணியைச் சுருட்டி எட்ட நின்று கூடைக்குள் எறிவான். விழுந்தாலும் விழாவிட்டாலும் கொஞ்ச நேரம் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த மனுஷன் மட்டும் பந்தைப் பிடுங்காமல் இருந்தால் நான் இன்றைக்கு மெட்ராஸில் ரயில்வேக்கு ஆடிக்கொண்டிருப்பேன் என்று ஒரு தடவை அல்ல, நூறு தடவை சொல்லியிருப்பான். மெட்ராஸில் இருந்தால் தளவாய்புரத்துக்கு ஏன் வரப்போகிறான்? அப்போது நான் யார், இந்தப் பிள்ளை யார் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. துணியை எடுத்துக்கொண்டு போய் ஊறவைப்பாள்.

அண்ணாச்சியைப் பற்றி அவன் மேடையில் என்ன சொன்னாலும் அது தன்னைப் பற்றிச் சொன்னதுதான் என்று அவளுக்குப் பட்டது. அதுதான் பயம். புகழ்கிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், பால்பாண்டி வந்து மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சியே கேட்டாராம். பொன்னுராஜ் அப்படித்தான் சொன்னான்.

விழா ஞாயிறு சாயங்காலம், அதே மைதானத்தில். களத்தின் ஒரு ஓரத்தில் பந்தல். அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்தெட்டு. மில்லிலும் கணக்கு முடித்து, மகளோடு இருக்கத் தூத்துக்குடிக்குப் போகிறார். சண்முகத்தாய் மகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். ஒரு மேனேஜர் பேசினார், ஒழுங்கு என்றார், கட்டுப்பாடு என்றார். பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற பேச்சு. இன்னொருவர் கொஞ்சம் குத்தலாகவே பேசினார். கூட்டம் போயிற்று, டீம் போயிற்று, வளையம் மாட்டிய மரப் பலகைக்குப் பதில் கண்ணாடிப் பலகை வரும் என்றார்கள், பலகையிலே கறையான்தான் வந்தது என்றார். சிரித்தார்கள். அவர் சொன்னதும் பொய்யில்லை. அண்ணாச்சி மாலையை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன்போல உட்கார்ந்திருந்தார்.

பால்பாண்டி மைக் முன்னால் வந்தான்.

“எனக்குப் புகழ்ந்து பேசத் தெரியாது. அன்னைக்கு ஆட்டத்தை நிறுத்துனது தப்பு. நாப்பது செகண்டு பொறுத்திருக்கலாம். இன்னைக்கும் அதைத்தான் சொல்லுவேன்.”

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டார். சண்முகத்தாய் குனிந்து மகளின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். கட்டு சரியாக விழவில்லை.

“ஆனா அந்தம்மா வந்து கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. செத்தவருக்கு நம்பர் இருக்கு, உசிரோட நிக்கிற எனக்கு இல்ல. பதினோரு மில்லுல அது என்னன்னு கேட்டது அண்ணாச்சி ஒருத்தருதான். என்னைய மாதிரி அம்பது பேருக்கு மேல அவியளால நம்பர் வாங்கியிருக்கோம். அந்த நம்பரைச் சொல்லித்தான் நான் தளவாய்புரத்துல பொண்ணு கேட்டேன்.” பெண்கள் பக்கம் திரும்பித் தேடினான். கண்டுபிடித்தான். “ஆட்டம் போனது இன்னும் வலிக்கி. ஆனா மாத்திக்கிடுதியாலேன்னு சாமியே வந்து கேட்டாலும் மாத்திக்கிட மாட்டேன். அம்புட்டுத்தான்.”

சண்முகத்தாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து வருஷமாக அவள் நெஞ்சில் கிடந்த கல்லை, பாவி மனுஷன் இத்தனை பேர் முன்னால் இறக்கி வைத்துவிட்டான். வீட்டில் சொல்வதற்கு என்ன என்று கோபமும் வந்தது.

ஏற்புரைக்கு அண்ணாச்சி எழுந்தார். எழுதி வைத்திருந்த காகிதத்தைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டார். பொன்னுராஜிடம் ஒரு பந்து கொண்டுவரச் சொல்லி, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

“டோக்கன் நம்பர் அறுநூத்தி ரெண்டு, பால்பாண்டி. ரெண்டு ஃப்ரீ த்ரோ.”

தன் சொந்த நம்பரை மைக்கில் அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குப் போனான். அண்ணாச்சி நடந்து வந்து இரண்டு கையாலும் பந்தை அவனிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எறிந்தான். முதல் பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. அண்ணாச்சி ஓடிப் போய் எடுத்துவந்து மறுபடி கொடுத்தார். இரண்டாவது பலகையைக்கூடத் தொடவில்லை. கூட்டம் சிரித்தது. பால்பாண்டியும் சிரித்தான். அண்ணாச்சி மட்டும் சிரிக்காமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விழா முடிந்து, தூங்கிப்போன மகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். தெரு முக்கில் அவன் மெதுவாகச் சொன்னான்.

“ஏட்டி, அன்னைக்கும் இப்படித்தான் வெளிய போயிருக்கும்போல.”

அன்றைக்கு அந்த இரண்டு பந்தையும் எறிந்திருந்தாலும் விழுந்திருக்கவே கூடாது என்று ஐந்து வருஷமாக உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த ஆட்டம் அத்தோடு தீர்ந்துபோகும். அவள் முந்தானையால் மகளின் முகத்து வியர்வையைத் துடைத்தாள்.

“இல்ல,” என்றாள். “அன்னைக்கு ரெண்டும் விழுந்திருக்கும்.”