தங்கையின் நிக்காஹுக்காக மழைத் தோட்டம் பார்க்கப் போன பயணம்

சிதம்பரம் போக ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கும். நான் போனது ஒரு வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க, அதுவும் கொட்டும் மழையில். அறுபதுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். என் தங்கை சபியாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. எங்கள் பக்கம் மழை வெயில் பார்த்து யாரும் தேதி வைப்பதில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும் நாள்தான் நல்ல நாள். அந்த லீவு கார்த்திகையில் வந்து விழுந்தது.

நிக்காஹ் பெண் வீட்டு வாசலில்தான் நடக்க வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வாசலோ மழைக்காலத்தில் குட்டை. தண்ணீர் நிற்கிறதே என்று வாப்பா வருடா வருடம் வண்டி வண்டியாக மண் கொட்டுவார். கொட்டிக் கொட்டி வாசல் உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. போன மழைக்குக் கூடத்தில் செருப்புகள் மிதந்தன. இதைக் கேள்விப்பட்ட மாப்பிள்ளையின் வாப்பா, "நிக்காஹ்வ எங்க வூட்லயே வெச்சிக்கலாமே" என்று சொல்லி அனுப்பினார். எங்கள் வாப்பாவின் முகம் செத்துவிட்டது. எனக்கு ரத்தம் கொதித்தது.

சிதம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஹமீது மச்சான் என் அக்காவின் கணவர். மழைக்கென்றே தோட்டம் போட்டிருப்பதாக எப்போதும் பீற்றிக்கொள்வார். அதில் பாதியாவது உண்மையா என்று பார்க்கக் கிளம்பினேன்.

கடலூர் முதுநகரில் காலை பாசஞ்சர். இருபத்தைந்து மைலுக்குள்தான் என்றாலும் எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தது தப்பு. எஞ்சின் கரித்தூள் கண்ணில் விழுந்து, கிள்ளை ஸ்டேஷன் வரை அழுதுகொண்டே போனேன். எதிரே இருந்த நண்டு வியாபாரி, எனக்கு என்ன துக்கமோ என்று வெற்றிலை மடித்துக் கொடுத்தார்.

சிதம்பரத்தில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. "தோட்டத்து பாய் வூடா? மழ பேஞ்சா ஜனங்க வேடிக்க பாக்க போவுது. ஏறுங்க" என்றார் குதிரை வண்டிக்காரர். பீற்றல் ரயிலடி வரைக்கும் வந்திருக்கிறது!

போய் வாசலில் நின்று பார்த்தேன். கூரைத் தண்ணீர் ஒரு பெரிய கல்லில் விழுந்து வேகம் குறைந்து, கூழாங்கல் பரப்பிய வாய்க்காலில் வளைந்து வளைந்து ஓடியது. வளைவுக்கு வளைவு கல்வாழை, சிவப்பும் மஞ்சளுமாக. கடைசியில் அகலமான ஒரு தாழ்வில் போய்ப் பரவியது. நிறைந்தால் தெருச் சாக்கடைக்கு வழி. தோண்டிய மண்ணெல்லாம் நடுவில் மேடாகியிருந்தது. மேட்டின் மேல் குடையோடு மச்சான், கால் நனையாமல்.

"தண்ணி நின்னா கொசு வராதா மச்சான்?"

"காலையில பாருங்க, ஒரு சொட்டு இருக்காது. அடியில ஜல்லியும் மணலும் போட்டிருக்கேன். நீங்க மண்ண கொட்டி வூட்டையே கெணறாக்கிட்டீங்க."

இரவு தங்கிக் காலையில் எழுந்து பார்த்தேன். மனிதர் பொய் சொல்லவில்லை.

ஊர் திரும்பிச் சொன்னால் வாப்பா குதித்தார். "கல்யாண வூட்ல குழி தோண்டுறதா? மையத்த பொதைக்கத்தான்டா குழி வெட்டுவாங்க!" உம்மாவும் காதைப் பொத்திக்கொண்டார். சபியாதான் வெளியே வந்தாள். கல்யாணத் தலையணை உறைக்கு அவள் போட்டுக்கொண்டிருந்த பூவேலை கையில் இருந்தது. "அடுத்தவுங்க வூட்ல போயி நிக்காஹ் பண்ணிக்கிறதவிட குழி ஜாஸ்தி கேவலமா வாப்பா?" என்றவள், வாசலில் இறங்கி, உறையில் இருந்த கொடியை அப்படியே சுண்ணாம்புப் பொடியால் தரையில் வரைந்தாள். வாப்பா கோட்டின் ஓரமாகவே நடந்து பார்த்தார். பிறகு மண்வெட்டியை அவரே எடுத்தார். வருடக்கணக்கில் கொட்டிய மண்ணெல்லாம் வெளியே வந்து, வாசல் நடுவில் மேடானது. கொடி வாய்க்காலானது, பூ இருந்த இடமெல்லாம் கல்வாழை ஆனது.

இப்படித் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் மழை நாளில் போங்கள். வெயிலில் கல்லும் பள்ளமும்தான் தெரியும். மறுநாளும் இருந்து, தண்ணீர் இறங்கிவிட்டதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் தோண்டுவதானால் சுவரை விட்டுத் தள்ளித் தோண்டுங்கள். வீட்டில் கேட்டால் மறந்தும் குழி என்று சொல்லாதீர்கள்.

நிக்காஹ் அன்று மழை வஞ்சகமில்லாமல் ஊற்றியது. மேட்டின் மேல் பந்தல். மாப்பிள்ளை காய்ந்த வேட்டியோடு ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க, தண்ணீர் கொடியின் வழியே பந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அவர் "கபூல்" என்று சம்மதம் சொன்னபோது என் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அவ்வளவு சந்தோஷம்!

துஆ ஓதி முடிந்ததும் மாப்பிள்ளையின் வாப்பா வாய்க்கால் ஓரம் போய்க் குனிந்து, தண்ணீர் போகும் வழியைப் பார்த்தார். பிறகு வந்து, "எங்க வாசலும் இந்த கதிதான் சம்மந்தி. ஒங்க பொண்ணு வந்து கோடு போட்டு குடுக்குமா?" என்றார்.

எங்கள் வாப்பா பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நிக்காஹ் ஆயிடுச்சி. இனிமே அவ ஒங்க பொண்ணு. நீங்களே கேளுங்க!"