காக்கை விரட்டும் கை

நடந்தவை, வரிசைப்படி:

1. பொங்கலுக்கு வெள்ளையடிக்க இறக்கியபோது, கோவில்பத்து வீட்டில் எங்கள் சாமிப் படத்தின் கண்ணாடி உடைந்தது.

2. புதுக் கண்ணாடி போடச் சட்டத்தைக் கழற்றினேன். ஓரத்து அட்டைக்கு அடியில் படத்தின் ஒரு சாண் பகுதி மறைந்திருந்தது. அதில் ஒரு கையெழுத்து.

3. கட்டட வரைபடங்களை ஸ்கேன் செய்வது என் வேலை. அலுவலகத்தில் கையெழுத்தைப் பெரிதாக்கி, புதுச்சேரியில் ஓவியங்களை ஆராயும் ஒருவருக்கு அனுப்பினேன்.

4. அவர் மறுவாரமே வந்தார். புகழ்பெற்ற ஓவியர் ஒருவர் மண்டபத்தூர்க் கடற்கரையில் வரைந்தது என்றார். இப்படி ஒரு படம் இருப்பதே யாருக்கும் தெரியாதாம்.

ஓவியரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் வாசலில் கூட்டம் கூடும்.

அப்பா குரும்பகரத்திலிருந்து தனிக்குடித்தனம் வந்தபோது கொண்டுவந்த படம் அது. சிவப்புச் சேலை கட்டிய பெண், உயர்த்திய வலக்கை. அருள் தரும் அம்மன் என்றே நினைத்திருந்தோம். வெள்ளிதோறும் அம்மா கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். எனக்குக் காய்ச்சல் என்றாலும் பரீட்சை என்றாலும் அந்த முகத்திடம்தான் போய் நின்று பேசுவாள்.

அட்டைக்கு அடியில் இருந்தது மீன்கூடை. பக்கத்தில் ஒரு காக்கை. அந்தப் பெண் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"சக்கரைப் பொங்கல் படைச்சியே, அது மீன்காரம்மாவாம்" என்று அப்பா சிரித்தார்.

"நீங்க கொண்டாந்த சாமிதானே" என்றாள் அம்மா. அவள் சிரிக்கவில்லை.

ஆய்வாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மியூசியத்துல இருந்தா எல்லாரும் பாப்பாங்கம்மா. சாமி படமும் இல்லையே. உங்க இஷ்டம்தான்."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. படத்தின் அருகே போய்க் கூடையையும் மீனையும் நிதானமாகப் பார்த்தாள்.

"மீன் விக்கிறவளா இருந்தா என்னங்க? இத்தன வருஷம் நான் சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டவ இவதான். இவ எங்கயும் வரலைங்க. பாக்கணும்னா இங்க வரச் சொல்லுங்க, காப்பி போட்டுத் தர்றேன்."

"அப்ப என் காப்பி?" என்றார் ஆய்வாளர். அம்மா அடுக்களைக்குப் போனாள். அவர் தன் பட்டியல் படிவத்தை என்னிடம் நீட்டினார். 'தற்போதைய இடம்' என்ற கட்டத்தில் 'பூஜை அறை, கிழக்குச் சுவர்' என்று எழுதினேன்.

இன்றைய நிலை: கூடையும் காக்கையும் முழுதாகத் தெரியும்படி பெரிய சட்டம் போட்டாயிற்று. படம் பழைய ஆணியிலேயே தொங்குகிறது. வெள்ளிக்கிழமைப் பொட்டு தவறுவதில்லை. காக்கைக்கும் ஒன்று வைக்கிறாள் அம்மா.