அரிதட்டுக்குச் சந்தனம்

ஜெர்மனியில் களிப்பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கத் தடை. நிலத்தடித் தண்ணீர் கெட்டுவிடுமாம். ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய மணலை வேறு நாட்டுக்காரனுக்கு விற்க ஒரு தடையும் இல்லை. அவனுடைய தண்ணீர் அவன்பாடு. இந்த மகா தர்மத்துக்கு நடுவில்தான், கொலோனுக்குப் பக்கத்து மணல் அகழி ஒன்றில் ஐம்பத்தெட்டு வயதுத் தம்பித்துரை உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். பத்தொன்பது வருடம் மணல் கழுவும் உருளைக்குப் பக்கத்தில் நின்று இடுப்பைத் தொலைத்த மனுசனுக்கு, பரிசோதனைக் கூடத்தில் ஒருவழியாக ஒரு கதிரை கிடைத்திருந்தது. அதுவும் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம். சரிவராவிட்டால் மறுபடியும் உருளை.

எண்ணெய்க் கிணற்றுக்குள் தண்ணீரோடு மணலையும் சேர்த்துப் பேரழுத்தத்தில் அடிப்பார்கள். பாறை வெடிக்கும். வெடிப்பு மூடிக்கொள்ளாமல் மணல்மணிகள் முட்டுக்கொடுத்து நிற்கும். மணி நொறுங்கினால் காரியம் கெட்டது. ஆகவே தம்பித்துரை மணலை இரும்பு அழுத்தியில் வைத்து நசுக்குவார், பிறகு அரிதட்டில் போட்டுக் குலுக்குவார், கீழே விழுந்த தூளை நிறுப்பார். நூற்றுக்குப் பத்துக்கு மேல் தூள் விழுந்தால் அந்த மணல் பெயில்.

கடல் கடந்த எண்ணெய்க் கம்பனி ஒன்று பரிசோதனை அறிக்கை கேட்டிருந்தது. அதே நாளில் ஆயுத பூசையும் வந்து சேர்ந்தது. சாரதி காருக்குப் பொட்டு வைப்பான், தையல்காரி மெஷினுக்கு வைப்பாள். தம்பித்துரை எதற்கு வைப்பார்? காலையில் எல்லோருக்கும் முந்திப் போய் அழுத்திக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு. அரிதட்டின் விளிம்பில் வைக்கலாமென்றால், அங்கே அளவு சரிபார்த்த ஸ்டிக்கர். அதை மறைக்கவே கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சட்டத்தை மீறுகிற ஆளா அவர்? குழைத்த சந்தனத்தை வலையின் அடிப்பக்கத்தில் மூன்று விரலாலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்துவிட்டார். சட்டமும் பிழைத்தது, சரஸ்வதியும் திருப்தி.

அன்றைய தூள் நூற்றுக்கு 8.9. மணல் பாஸ்! தம்பித்துரை கையெழுத்து வைத்தார். கூடத்துப் பொறுப்பாளர் யூலியா கைதட்டினாள். முதலாளியே இறங்கி வந்து கைகொடுத்தார். அறிக்கை உடனே பறந்தது.

பின்னேரம் அரிதட்டைக் கழுவப் புரட்டினார். சந்தனம் காய்ந்து, தூளெல்லாம் அதில் அப்பி, வலைக்கண் பாதி அடைபட்டுக் கிடந்தது. கழுவித் துடைத்து, அதே மணலில் இன்னொரு பிடியை நசுக்கிக் குலுக்கினார். 12.4. இன்னொருமுறை. அதே 12.4.

வீட்டில் மனைவி சுலோஜனா தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, வாயை மூடிக்கொண்டு இருங்கோ. எண்ணெய்க் கம்பனிக்காரன் என்ன உங்கட மச்சானோ? திரும்ப உருளையில நிக்க உங்கட இடுப்புக்கு ஏலுமோ?"

"ஏலாதுதான். ஆனா சுலோ, இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திமூண்டு வருசம். எத்தினை அன்ட்ராக் படிவம் நிரப்பியிருப்பன்? ஒவ்வொண்டையும் மூண்டு பேர் உத்துப் பாத்தவங்கள். நான் வைச்ச கையெழுத்தை அப்பிடியே நம்பின கடுதாசி இது ஒண்டுதான். அதுவும் பொய்யெண்டா எனக்கு வெக்கமா இருக்காதோ?"

"வெக்கத்தை வைச்சு இடுப்புக்கு எண்ணெய் தடவுங்கோ," என்றாள் சுலோஜனா.

அடுத்த நாள் யூலியாவையும் கூட்டிக்கொண்டு போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். முதலாளி பொறுமையாகக் கேட்டார். எழுந்து நின்று இரண்டு கையாலும் கைகுலுக்கினார். "ஹெர் தம்பித்துரை, உங்கள் நேர்மை எங்கள் நிறுவனத்தின் சொத்து," என்றார். யூலியா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அந்தச் சொத்தை மறுபடி உருளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கூடத்து வேலை அவருக்கு மன அழுத்தம் தருகிறதாம். வெளியில் நல்ல காற்றாம். என்ன கரிசனை!

மூன்று கிழமை கழித்துப் பெரிய லொறி வந்து நின்றது. தம்பித்துரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலை ஏற்றிவிட்டார். சாரதி பத்திரத்தை நீட்டி, ஏற்றியவர் கையெழுத்து வேண்டும் என்றான். வாங்கிப் பார்த்தார். போகிற இடம், அதே எண்ணெய்க் கம்பனி. நொறுங்கும் அளவு, 8.9. அதற்குக் கீழே யூலியாவின் அழகான கையெழுத்து.

பேனையை வாங்கினார். 8.9ஐக் குறுக்கே வெட்டி, மேலே 12.4 என்று பெரிதாக எழுதினார். கீழே தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். சாரதி ஏதாவது கேட்பான், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்துக்கொண்டு நின்றார்.

சாரதி பத்திரத்தைப் பார்க்கவேயில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்குப் புறப்பட்டான்.