கேப்டன் கொட்டாவியை வரைந்தவள்

கழக்கூட்டம் சந்திப்பின் நெரிசலில் பஸ் அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது சிவதாணுவின் அழைப்பு வந்தது. சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருப்பவர். கடை நேரத்தில் யாரையும் போனில் கூப்பிடமாட்டார். "அண்ணாச்சி, பகவதி போயிட்டா" என்றார்.

பகவதி அவருடைய மனைவி. உங்களில் பலருக்கு அவளைக் கேப்டன் கொட்டாவியை வரைந்தவளாகத் தெரியும். புதையல் தேடிப் புறப்பட்டு, ஆபத்து வந்ததும் கொட்டாவி விட்டுத் தூங்கிவிடுகிற தொந்திக் கேப்டன். அவரைக் காப்பாற்றிக் காப்பாற்றியே அலுத்துப்போன ஆடு, டாக்டர் புண்ணாக்கு. நான்கு படக்கதைப் புத்தகங்களுக்கும் படம் அவள், வசனம் நான். என்னைவிட இளையவள். 'அவர்' என்று எழுதினால் வேறு யாரையோ சொல்வதுபோல் இருக்கிறது. அவள் என்றே எழுதுகிறேன்.

வலியசாலையில் அவள் வீட்டைச் சுற்றியிருந்த குழந்தைகளுக்காகத் தொடங்கியது இது. வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் மலையாளம் படிப்பார்கள். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகத் தடவி, இரண்டாம் வரியில் மூடி வைத்துவிடுவார்கள். பகவதி யாரையும் வாசிக்கச் சொன்னதில்லை. பேச்சு வரவேண்டிய பலூன்களை வெறுமையாக விட்டு, படங்களை மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முன் பரப்புவாள். வாயே திறக்கமாட்டாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தால்தான் அந்தப் பக்கம் என்னிடம் வசனத்துக்கு வரும். "சிரிச்சிட்டான்னா, அவன் என்ன சொல்லுதான்னு வாசிச்சுப் பாக்காம இருக்கமாட்டான், அண்ணாச்சி" என்பாள்.

எழுதிக் கொடுப்பதோடு என் பாடு முடியாது. பகல் முழுவதும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், யாரும் புரட்டிப் பார்க்காத கையேடுகளை எழுதிப் பிழைப்பவன் நான். அந்தக் கைப்பழக்கத்தில் முதல் புத்தகத்துக்கு நீளநீளமாக வசனம் எழுதிக்கொண்டு போனேன். பென்சிலால் பாதியை அடித்துவிட்டு, "ஒரே மூச்சில வாசிக்க முடியலேன்னா அது பலூன் இல்ல, பாறாங்கல்லு" என்றாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மூன்றாவது புத்தகத்தில் கேப்டன் நண்டுகளிடம் மாட்டிக்கொள்கிற அத்தியாயம் ஒன்று இருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். அவள் வரைந்ததிலேயே அழகான படங்கள் அவை என்று இன்றும் சத்தியம் செய்வேன். குழந்தைகள் பார்த்தார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், விளையாடப் போய்விட்டார்கள். அவ்வளவையும் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். இந்தப் பொடிசுகளுக்கு என்ன தெரியும் என்று நான் குதித்தேன். "பிள்ளையளுக்குப் பொய்யாச் சிரிக்கத் தெரியாது. அதக் கத்துக்கிடுறதுக்கு முன்னாலயே நாம கேட்டுக்கிடணும்" என்றாள்.

ஐந்தாவது புத்தகத்தை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டே வரைந்தாள். மருந்து ஏறிய நாட்களில் கை நடுங்கும். கடைசிப் பக்கத்தை முடித்த அன்று என்னையும் சிவதாணுவையும் உட்காரவைத்து, "இதையும் அவங்க முன்ன வைக்கணும். சிரிச்சா அச்சடிங்க. சிரிக்கலேன்னா வேண்டாம். எனக்காகப் பாவம் பாக்கப்பிடாது" என்றாள். நான் மழுப்பினேன். விடவில்லை, என் வாயிலிருந்து சரி என்ற சொல்லை வாங்கிக்கொண்டுதான் படுத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வலியசாலைக் குழந்தைகளைக் கூப்பிட்டுப் படங்களைப் பரப்பினோம். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதது. பகவதி அக்காவை நினைத்து அழுகிறார்கள், இதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்றார் சிவதாணு. அவர் சொன்னதும் நியாயம்தான்.

எங்கள் அடுக்குமாடியில் ஐ.டி. வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்தக் குழந்தைகள் பகவதியைப் பார்த்ததே இல்லை. சிவதாணுவையும் வரவழைத்து, முதலில் நான்காவது புத்தகத்தின் பக்கங்களை வசனமில்லாமல் கொடுத்தேன். உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஆட்டைப் பார்த்து ஒருவனுக்கு விக்கலே வந்துவிட்டது. சிவதாணு என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு ஐந்தாவதைக் கொடுத்தேன். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. மரியாதையாகப் பக்கங்களைப் புரட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் கேப்டனின் முகத்தைத் தொட்டுக் காட்டி, "அங்கிள், இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

கேப்டன் வழக்கம்போல் கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அது நிஜக் களைப்பு. அந்தச் சிறுமிக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துபோனது எங்கள் இரண்டு பேருக்கும் மாதக்கணக்காகத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியமில்லை.

சிவதாணு பக்கங்களை எடுத்துக்கொண்டு கீழே வண்டிவரை வந்தார். அங்கே நின்று, "அவ கடைசியா வரச்சது அண்ணாச்சி. நமக்கு வேண்டி மட்டும் கொஞ்சம் காப்பி அச்சடிச்சுக்கிடலாமே" என்றார். கடையில் எத்தனையோ பேரை ஒரு பார்வையில் அடக்குகிற மனிதர், என் முன்னால் கெஞ்சிக்கொண்டு நின்றார். எனக்கும் ஆசை இல்லாமலா? வேண்டாம் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பல நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து, மூட்டையாகக் கட்டிய பக்கங்களை மேசைமேல் வைத்தார். "எனக்கு இத வீட்டில வச்சுக்கிட்டு அச்சடிக்காம இருக்க முடியாது. அவகிட்ட சரின்னு சொன்னது நீங்கதானே, நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார்.

ஐந்தாவது புத்தகம் எப்போது வரும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோர்களுக்குச் சொல்கிறேன்: வராது. பகவதியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கட்டும், அதைப் பிரித்து யாருக்கும் காட்டாமல் இருக்கிற பிடிவாதமும்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப் பார்க்கிறேன். அழுகை வருகிறது. அழுகை வருகிற படக்கதையை அவள் ஒருநாளும் குழந்தைகள் கையில் கொடுத்ததில்லை.