சாலமன் கோட்டை விட்ட கதை

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு சாலமன் அண்ணனுக்கு ஒரு கல்யாணக் கோட்டு இருந்தது. மாதா கோயிலில் மார்கரெட்டுக்குத் தாலி கட்டிய அன்று போட்டது. சாம்பல் நிறம், தோள் கொஞ்சம் பெரிசு. மற்ற மாப்பிள்ளைகளின் கோட்டெல்லாம் டிரங்குப் பெட்டியில் பூச்சி அரித்துக் கிடக்க, இது மட்டும் வெளிநாடு போய் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அண்ணனுக்கு துபாய் துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை கிடைத்தது. அங்கே முன்பே போய் வந்த பழவேற்காட்டு கௌஸ் மைதீன் ஒரு வழி சொன்னார். "பிளேன்ல கூட்டம் ரொம்பிட்டா, டீசண்டா கோட்டு போட்ட ஆளாப் பாத்து ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஏத்துவான்பா. மேல ஒத்த காசு கேக்க மாட்டான். சோபா மாதிரி சீட்டு. காலை நீட்டிப் படுத்துக்கலாம்."

கேட்ட மார்கரெட் சொக்கிப் போனாள். கருவாடு காயவைக்கும் மணலில் நின்று, ஏரிக்கு மேலே போகிற விமானத்தையெல்லாம் கழுத்து வலிக்கப் பார்ப்பவள் அவள். தான் ஒருநாளும் ஏறப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். "எனக்கு சேலையும் வேணாம், சென்ட்டும் வேணாம். அந்த சீட்டுல ஒரு தபா குந்திட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுயா, போதும்" என்றாள். இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கி, ஒவ்வொரு பயணத்துக்கும் அவளே கோட்டைத் தேய்த்துக் கொடுத்தாள்.

அண்ணன் வேர்த்து வழியப் போனார், வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வேலை முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய அன்றுதான் அது நடந்தது. கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் கோட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னிக்கு ஃபுல் சார். ஒருத்தரை முன்னால மாத்தணும். நீங்க போறீங்களா?"

முன்னால்! அண்ணனுக்குச் சுருக்கென்றது. படகில் முன்பக்கம் என்றால் அலை முகத்தில் அறைகிற இடம். சினிமா பார்க்கிற டூரிங் கொட்டாயில் முன்னால் மணல்தரை, பின்னால்தான் நாற்காலி. கோட்டு போட்டு வந்தவனைத் தரையில் தள்ளப் பார்க்கிறாளே என்று ரோஷம் வந்துவிட்டது.

"வேணாம்மா. நான் பின்னாலயே குந்திக்கிறேன்."

விமானத்தில் ஏறும்போதுதான் பார்த்தார். முன்னால், திரைக்கு அந்தப் பக்கம், கவுண்டர் வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற கசங்கிய சட்டைக்காரன் சோபாவில் காலை நீட்டியிருந்தான்.

ஊர் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கருவாட்டு மணலில் நின்று இதைச் சொன்னார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. மார்கரெட் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகுதான் அண்ணனின் கண் கலங்கியிருப்பதைக் கவனித்தாள்.

"நீ கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் கோட்டை விட்டுட்டேனேமே."

"அதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? நான்தான் தெனம் போய்னு வரேனே" என்றாள் மார்கரெட். கூடையைத் தள்ளிவிட்டு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "காலை நீட்டு. கண்ண மூடு. ஜன்னல் பக்கம் நீயே குந்திக்கோ. கீழ ஏரி தெரியுதா? பூநாரைங்க தெரியுதா? அதோ, கருவாடு காய வெச்சிக்கினு ஒருத்தி அண்ணாந்து பாக்குறா பாரு."

"தெரியுதுமே" என்றார் அண்ணன். கண்ணைத் திறக்காமலே, கீழே நிற்கிறவளுக்குக் கையை ஆட்டினார்.