மூன்று வரி எழுதச் சொன்ன குற்றம்

கட்டுரை படிப்பிக்கிற உத்தியோகத்தில் வகுப்பு பகலில், வழக்கு இரவில். நேற்று இஷாத் தொழுகைக்குப் பிறகு பின்வேலி ஓலைக் கிடுகு சரக், சரக்கென்று உரசியது. என் வீட்டுக்காரர் இறக்காமத்து வயலில் யானைக் காவல். தொட்டிலில் ஆறு மாதப் பிள்ளை. திருத்தவேண்டிய கொப்பிக் கட்டோடு வீட்டுக்கு வரும் டீச்சர்மாரே, கள்ளனென்றால்கூட எனக்கு அந்த நடுக்கம் வந்திராது. யாரோ ஒரு மாணவியின் உம்மாவாக இருந்தால்? பகலில் தெருவில் இறங்காத எங்களூர்ப் பெண்கள் கிடுகை விலக்கிய வேலிப் பொட்டு வழியாகத்தான் வழக்குக் கொண்டு வருவார்கள்.

எல்லாம் திறம்

கன்னியர் மடப் பள்ளியில் எனக்குப் பழக்கியதை ஏழாம் வகுப்புப் பெண்களுக்குப் பழக்கினேன். கொப்பியைப் பக்கத்துப் பிள்ளையோடு மாற்று; மூன்று வரி எழுது: எது நல்லது, எது போதாது, எப்படித் திருத்தலாம். இருபத்திரண்டு கொப்பியில் இருபத்தொன்று 'மிகத் திறம்' என்று வந்தன. அதிலொன்றில் தலைப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. இதில் திறம் எங்கே என்று கேட்டேன். திறம் போட்டவள் கூசாமல் தன் அண்ணனின் கலியாணப் பேச்சை இழுத்தாள்: "அவ எங்கட காக்காக்குப் பேசின பொண்ணுட தங்கச்சி, டீச்சர். கட்டுரை அடுத்த கிழமையும் எழுதலாம், கலியாணம் அப்பிடியா?"

சம்பளமில்லாத திருத்தம்

நெசவுக்காரர் மகள் சுபைதா மட்டும் சொன்னதைச் செய்தாள். தோணிக்காரர் மகள் கதீஜா கடலைப் பற்றி எழுதியதில் அலையும் நிலாவும் நுரைத்துக் கிடந்தன. 'நிலா வடிவு. உன் வாப்பாவைக் காணவில்லை. அவர் மீனில்லாமல் வந்த நாளை எழுது' என்றாள் சுபைதா. நான் ஒரு வருசமாக எந்தக் கொப்பியிலும் எழுதாத வரிகள்.

மறுநாள் கதீஜாவின் மாமா பாடசாலைக்கு வந்து, எங்கள் வீட்டு இல்லாமையை வகுப்பில் பாடமாக்குகிறீர்களா என்று பாய்ந்தார். தலைமையாசிரியர் அவருக்குத் தேநீரும் எனக்குத் தையல் வகுப்பும் காட்டினார். இன்னுமொரு முறைப்பாடு வந்தால் கட்டுரை வகுப்பு எனக்கில்லையென்று சொல்லிவிட்டுக் கேட்டார்: "குறை சொல்லத்தானே உங்களுக்குச் சம்பளம், பிள்ளைகள் அதைச் சும்மா செய்யலாமா?"

வேலிப் பொட்டால் வந்தவர்

கதீஜா திரும்ப எழுதித் தந்தாள். ஈரவலையோடு வாசலில் வாப்பா. அயலவருக்குப் புகை தெரியட்டுமென்று வெறும் அடுப்பில் ஓலை எரித்த உம்மா. கடைசியில் மட்டும் உழைப்பே உயர்வென்று ஒரு வெற்றுப் பிரசங்கம். அதைச் சொல்லப் போய்த் தையல் வகுப்பில் விழ எனக்குத் தைரியமில்லை. சிவப்பு மையில் 'மிகத் திறம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நேற்றுக் கிடுகை விலக்கி முக்காட்டோடு வந்தது அவளுடைய உம்மாதான். கொப்பி சீலைத் தலைப்புக்குள் இருந்தது. எழுத்தறியாதவர், மகள் வாசித்துக் காட்ட இரண்டு தரம் அழுதாராம். குப்பி விளக்கருகே என் சிவப்பெழுத்தில் விரலை வைத்தார். "நெசவுக்காரன்ட புள்ள மூணு வரி எழுதியிருக்கா, டீச்சர். நீங்க ரெண்டு சொல்லோட விட்டுட்டீங்களே. என்ன குறையெண்டு சொல்லுங்க."

பயப்படாமல் குறை சொல்ல இருபத்திரண்டு பேருக்குப் பழக்கிய நான், 'முடிவு போதாது' என்று வாய் திறப்பதற்கு முன், அவரைப் பாயில் இருத்திவிட்டு எழுந்துபோய்க் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.