தீவை மூடிய மதியம்

முன்னறையில் யாரோ இருமினார்கள்.

உள்ளறையில், வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்த ஒரு பல் செட்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்த பல்லக்காவின் கை நின்றது. கைமோட்டாரை அணைத்தாள். சின்னதாக இரண்டு இருமல், ஒரு செருமல், கடைசியில் நீளமாக ஒரு பெருமூச்சு. இதே இருமலைத்தான் கல்யாணமான நாளிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இருமலாம். இப்படி இரும ஒருத்தியால்தான் முடியும்.

மாமியார்!

அந்த வீட்டை விட்டு ஓடிவந்து ஒரு வருஷமாகிறது. ஒரு பை, ஒரு பழைய லேப்டாப், கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டு எலும்பு. கொண்டு வந்தது அவ்வளவுதான். போன் நம்பர், பேங்க், ஊர் எல்லாவற்றையும் மாற்றினாள். அம்மா வீட்டுக்குக்கூட விலாசம் தரவில்லை. கல்யாணத்துக்கு முன் கற்ற தொழில் கைகொடுத்தது; பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலை கிடைத்தது. முகம் தெரியாத எத்தனையோ பேர் அவள் செய்த பல்லால் சிரித்தார்கள். அவளுக்கும் மெல்ல மெல்லச் சிரிப்பு வர ஆரம்பித்திருந்தது. பல்லக்கா என்ற பெயரே அவளுடன் தங்கியிருந்த, கிளினிக்கில் ஊசி போடும் பெண் கேலியாக வைத்ததுதான். பதிலுக்கு இவள் அவளுக்கு ஊசியக்கா என்று வைத்தாள்.

அந்த ஊசியக்காதான் இப்போது கதவில் தலையை நீட்டினாள்.

"உன்னைத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க. பல்லு ஆடுதாம். வீட்டுலயே கடை போட்டுட்டியா? எனக்குக் கமிஷன் கிடையாதா?"

பல்லக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. "யாருடி அது?"

"அவரோட அம்மா."

"தனியாத்தான் வந்திருக்கு. வாசல்ல வேற யாரும் இல்லை. வெளிய அனுப்பிடட்டுமா? ஒரு வார்த்தை சொல்லு, ஊசி குத்தியே அனுப்புறேன்."

அதற்குள் மாமியாரே உள்ளே வந்துவிட்டாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். மருமகளை மேலும் கீழும் பார்த்தாள்.

"இளைச்சுட்டே."

"என்னைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா, அத்தை?"

"முதல்ல தண்ணி குடு."

தண்ணீர் வந்தது. பல்லக்கா கேட்டாள். "இந்த விலாசம் யார் குடுத்தா?"

"நீதான் குடுத்தே." மாமியார் இடுப்பிலிருந்த செல்போனை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "விளக்குக் கம்பம் வாங்கினதுக்கு நன்றின்னு ஒரு மெயில். கீழே உன் பேரு, கதவு நம்பர், தெரு, ஊரு. கல்யாணப் பத்திரிகைகூட இவ்வளவு தெளிவா அச்சடிக்க மாட்டாங்க."

பல்லக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவளுக்கென்று ஒரு தீவு இருந்தது. லேப்டாப்புக்குள் இருக்கும் விளையாட்டுத் தீவு. மரம் நடலாம், பாதை போடலாம், படகுத்துறை கட்டலாம். யாரும் வந்து எட்டிப் பார்க்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில், வீட்டில் கிடக்கிறவளுக்குப் பொழுது போகட்டும் என்று கணவன்தான் ஆன்லைன் கேம் கடையில் கணக்குத் திறந்து கொடுத்தான். அவளுக்கென்று மெயில் இல்லாததால் தன் மெயிலையே போட்டான். அத்தோடு இருவருமே அதை மறந்தும் போனார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் எல்லாவற்றையும் விட்டாள், தீவை மட்டும் விட மனம் வரவில்லை. போன வாரம் முதல் முறையாகத் தன் சொந்தச் சம்பளத்தில் அந்தத் தீவுக்கு ஒரு விளக்குக் கம்பம் வாங்கினாள். கடை விலாசம் கேட்டது. பேர் மாறினால் ஒருவர் பல் இன்னொருவர் வாய்க்குப் போய்விடும் என்கிற தொழில் அவளுடையது. கேட்ட கட்டத்தையெல்லாம் பிசகில்லாமல் நிரப்பிப் பழகிய கை, இதையும் அப்படியே நிரப்பிவிட்டது.

"அவர் பார்த்துட்டாரா?"

"குளிச்சுக்கிட்டு இருந்தான். எனக்கு போன் வாங்கினப்போ இன்னொரு மெயில் திறக்கச் சோம்பேறித்தனப்பட்டுத் தன்னோடதையே இதுலயும் போட்டுக் குடுத்தானே, ஞாபகமிருக்கா? அவனுக்கு வர்றதெல்லாம் எனக்கும் வரும். உடனே அழிச்சுட்டேன். குப்பைக்குப் போனதையும் தேடி அழிச்சேன்."

"நீங்களா?"

"நான்தான்." மாமியார் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். "அந்தக் கடை வாராவாரம் ஒண்ணு அனுப்பும். இந்த வாரம் உங்க தீவுல இத்தனை மணி நேரம் இருந்தீங்கன்னு. அவன் விளம்பரம்னு தள்ளிடுவான். நான் விடாமப் படிப்பேன். அதைப் பார்த்துத்தான் நீ உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். போன மழைக்காலத்துல ஒரு வாரம் வரலை. நான் சாப்பிடவே இல்லை."

அந்த வாரம் பல்லக்கா காய்ச்சலில் கிடந்தாள். நெற்றியில் கை வைக்க ஊசியக்காவைத் தவிர யாருமில்லை என்று அழுதிருந்தாள். அப்போது அங்கே தனக்காக ஒருத்தி பட்டினி கிடந்திருக்கிறாள்.

"இப்போ அவன் உன்னைத் தேடி ஒவ்வொண்ணாத் துருவுறான். பழைய பில், பழைய மெயில்னு எதையும் விடலை. கடைக்குள்ள போனான்னா நீ வாங்கினது, உன் விலாசம் எல்லாம் அப்படியே நிக்குது. நான் போய்ப் பார்த்தேன்."

ஊசியக்கா லேப்டாப்பை எடுத்துவந்து மடியில் வைத்தாள். தேடிப் பார்த்தாள். சேமித்த விலாசத்தை நீக்க முடிந்தது. ஆனால் பழைய ரசீதில் இருந்த விலாசம் அசையவில்லை. மெயிலை மாற்றினாலும் பழைய மெயிலை வைத்து அவன் கணக்கை மீட்டுவிடலாம்; கணக்கையே மூடினால்தான் ரசீதும் போகும். மூடுவதற்கு ஒரு குறியீடு மெயிலில் வரும்.

"அது அவர் போனுக்கும் போகுமே!"

"ஃபேக்டரி கேட்டுல வாட்ச்மேன் அவன் போனை வாங்கி வெச்சுடுவான். சாயங்காலம்தான் கையில குடுப்பான். அதுக்குள்ள முடி. நான் பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பல்லு ஆடிக்கிட்டே திரும்பிப் போனா சந்தேகப்படுவான். அதையும் பார்த்துக் குடு. நிச்சயமானப்போ நீ செஞ்சு குடுத்த பல்லுதானே, உன் தலையெழுத்து."

பல்லக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "கழட்டுங்க."

மாமியார் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பல் செட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஈறு கரைந்து பிடிமானம் போயிருந்தது. பல்லக்கா உள்பக்கம் புதிதாகப் பூச்சு வைத்து, வாயில் பொருத்தி அச்சு எடுத்து, ஓரத்தைச் சீவினாள். பூச்சு இறுகும்வரை காத்திருந்தபோது தீவைத் திறந்தாள். படகுத்துறை ஓரத்தில் விளக்குக் கம்பம் எரிந்துகொண்டிருந்தது. மாமியார் கிட்டே வந்து பார்த்தாள்.

"இத்தனையும் நீ கட்டினதா?"

"ஆமா, அத்தை."

"நம்ம வீட்டுல ஒரு ஆணி அடிக்கக்கூட உன்னை விட்டதில்லை நாங்க."

மூடினால் திரும்பப் பெற முடியாது, சம்மதமா என்று திரை கேட்டது. பல்லக்காவின் விரல் தயங்கியது. மாமியார், வந்திருந்த குறியீடு தெரியும்படி போனை நீட்டினாள். மருமகள் அதைப் பார்த்துத் தட்டினாள். தீவு போய்விட்டது. கடை தன் கிடங்கில் இன்னும் என்னென்ன வைத்திருக்குமோ யார் கண்டது? அவன் கைக்கு எட்டும் இடத்தில் ஒன்றுமில்லை. மாமியார் குறியீட்டு மெயிலை அழித்தாள், குப்பையிலிருந்தும் அழித்தாள். அதற்குள் கற்றுத் தேர்ந்திருந்தாள்.

பல் பொருத்திக்கொண்டு எழுந்தவளின் கையைப் பல்லக்கா பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க. இங்கேயே இருந்துடுங்க. நான் பார்த்துக்கிறேன்."

"நானும் வந்துட்டா அவன் இந்த ஊரையே சல்லடை போட்டுச் சலிப்பான். என்ன இருந்தாலும் பெத்துட்டேனே."

"இனிமே நான் எப்படி இருக்கேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம் கண்ணு. தெரிஞ்சா என் மூஞ்சியிலயே படிச்சுடுவான். இந்த வீட்டையும் மாத்திடு. எங்க போறேன்னு என்கிட்ட சொல்லிடாதே."

ஊசியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

வாசல்படியில் இறங்கிய மாமியார் திரும்பினாள். பல்லக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? கதவைச் சாத்து. தாழ்ப்பாள் விழற சத்தம் கேட்டாத்தான் நான் நகருவேன்."

பல்லக்கா கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே ஒரு இருமல் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், படி படியாக, தெருவை நோக்கிப் போனது.